உண்ணல் கோளாறுகள்: சிகிச்சையும் தடுப்பும் வளர்ந்த வரலாறு

உண்ணல் கோளாறுகளில் மூன்று முதன்மையானவை. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போய் உடல் நலிவது அனோரெக்சியா நெர்வோசா. கட்டுப்பாடு இழந்து பெருமளவு தின்பதும், பிறகு வாந்தி, பேதி மருந்து, பட்டினி என்று அதை ஈடுகட்ட முயல்வதுமாகச் சுழல்வது புலிமியா நெர்வோசா. ஈடுகட்டும் செயல் ஏதுமின்றி, அளவுமீறி உண்ணும் வேளைகள் திரும்பத் திரும்ப வருவது பெருந்தீனிக் கோளாறு. பதின்பருவத்திலோ இருபதுகளின் தொடக்கத்திலோ பெரும்பாலும் தலைகாட்டும் இவை உயிரைப் பறிக்கக்கூடியவை. 2011-இல் வெளியான 36 ஆய்வுகளின் தொகுப்பாய்வு, அனோரெக்சியா உள்ளவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐவர் இறப்பதாகவும், அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்றும் கணக்கிட்டது. மருத்துவ நூல்கள் இந்த நிலையை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதிவு செய்துவருகின்றன. ஆனால் ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு முறையாக ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் 1980களில்தான் இத்துறையில் வேரூன்றியது. அதன் பிறகு, நெடுங்காலம் ஐயமின்றி நம்பப்பட்ட பல கருத்துகள் நிலைகுலைந்தன.

காசநோயிலிருந்து பிரிந்த நோய்

லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் 1689-இல் காசநோய் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். உடல் உருகும் நோய்களையெல்லாம் வகைப்படுத்திய அந்த நூலில், காய்ச்சலோ இருமலோ மூச்சிரைப்போ இல்லாமல் மெலிந்துபோன இருவரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஒருத்தி 18 வயதுப் பெண். மருந்துகளை மறுத்துவிட்டு இறந்தாள். மற்றவன் 16 வயதுப் பையன். படிப்பை நிறுத்திவிட்டு நாட்டுப்புறக் காற்று, குதிரையேற்றம், பால் உணவு என்று வாழும்படி மார்ட்டன் அவனுக்குச் சொன்னார். அவன் பெருமளவு தேறினான். இது பெண்களுக்கு மட்டுமே வரும் நோய் என்ற எண்ணம் பின்னாளில் வலுத்தபோதும், முதல் பதிவிலேயே ஓர் ஆண் இருந்திருக்கிறான்.

நோய்க்குத் தனி இடம் கிடைத்தது 1873-இல். அந்த ஏப்ரலில் பாரிஸ் மருத்துவர் சார்ல் லசேக், உண்ண மறுக்கும் எட்டு நோயாளிகளை விவரித்துக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் கைஸ் மருத்துவமனையின் வில்லியம் கல், தம் நோயாளிகளைப் பற்றி மருத்துவச் சங்கத்தில் உரையாற்றினார்; அடுத்த ஆண்டு அச்சான அந்த உரை 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயரை நிலைநாட்டியது. வயிற்றிலோ நுரையீரலிலோ கோளாறு இல்லை, நோயின் வேர் மனத்தில் இருக்கிறது என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். கெஞ்சுவதும் மிரட்டுவதுமாக மாறிமாறி நடந்துகொள்ளும் குடும்பத்தார் நோயின் போக்கையே மாற்றிவிடுகிறார்கள் என்பதை லசேக் கூர்ந்து கவனித்திருந்தார். கல் வகுத்த சிகிச்சை எளியது: உடலைக் கதகதப்பாக வைத்திருப்பது, நோயாளியின் விருப்பத்துக்கு விடாமல் குறித்த இடைவெளியில் உணவு கொடுப்பது, மனத்தளவில் அவளை நெறிப்படுத்தக்கூடியவர்களை அருகில் வைப்பது. உறவினர்கள் பொதுவாக இந்தப் பணிக்கு மிகவும் தகாதவர்கள் என்றும் அவர் எழுதினார்.

இந்தக் கடைசி வரி நூறாண்டுக் காலம் நிலைத்தது. பாரிஸில் நரம்பியல் மருத்துவத்தின் பேரறிஞராக விளங்கிய ஜான் மார்ட்டின் ஷார்கோ, பெற்றோரை நோயாளியிடமிருந்து பிரித்துவைப்பதையே சிகிச்சையின் முதற்படியாக ஆக்கினார். தாயும் தந்தையும் ஊரைவிட்டுப் போன பிறகே பெண் சாப்பிடத் தொடங்கினாள் என்பது போன்ற கதைகளே அதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டன. பிரித்தால் தேறியவர்கள், பிரிக்காமலும் தேறியிருப்பார்களா என்று யாரும் கேட்கவில்லை.

சுரப்பியும் பட்டினியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வு வேறு பாதையில் போனது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நோயியல் அறிஞர் மோரிஸ் சிம்மண்ட்ஸ், பிட்யூட்டரி சுரப்பி அழிந்ததால் உடல் நலிந்து இறந்த ஒரு பெண்ணைப் பற்றி 1914-இல் எழுதினார். அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல், மெலிந்துபோன இளம்பெண்களில் பலர் சுரப்பி நோயாளிகளாகவே கருதப்பட்டார்கள். சுரப்பிச் சாறுகளே மருந்தாகக் கொடுக்கப்பட்டன. 1930களில் லண்டன் மருத்துவர் ஜான் ரைல் போன்றோரின் எழுத்துகளால் இரு நோய்களும் மீண்டும் வேறுபடுத்தி அறியப்பட்டன.

அடுத்த வெளிச்சம் இந்த நோயைத் தேடாத ஓர் ஆய்விலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினியில் வாடும் ஐரோப்பியர்களுக்கு எப்படி உணவூட்டி மீட்பது என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் இதை ஆராய்ந்தார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராத இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். 1944 நவம்பரில் தொடங்கிய ஆய்வில் முதல் 12 வாரம் வழக்கமான உணவு, அடுத்த 24 வாரம் அதில் ஏறத்தாழப் பாதி, அதன் பின் படிப்படியான மீட்பு. உடலிலும் மனத்திலும் நலமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இளைஞர்கள், எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தபோது வேறு மனிதர்களாகிவிட்டார்கள். சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. நட்பும் காதலும் சலித்தன. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்தவர்களும், ஒரு தட்டுச் சோற்றை மணிக்கணக்கில் கிளறிக் கிளறித் தின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். மீட்புக் காலத்தில் சிலர் வயிறு நிரம்பிய பிறகும் நிறுத்த முடியாமல் தின்றார்கள்.

1950-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த இந்த ஆய்வின் முடிவுகள் உண்ணல் கோளாறு மருத்துவர்களுக்கு இரண்டு செய்திகளைத் தந்தன. நோயின் அடையாளங்களாக எண்ணப்பட்ட பல நடத்தைகள் பட்டினியின் விளைவுகளே. ஆகவே, உடல் தேறும்வரை மனச் சிகிச்சையை மட்டும் நம்பியிருப்பதில் பயனில்லை. ஆனால் இந்தப் பாடம் மருத்துவமனைகளுக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் பலவும் முயன்று பார்க்கப்பட்டன. 1960 வாக்கில் லண்டனில் பீட்டர் டாலியும் வில்லியம் சார்ஜென்டும் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தையும் இன்சுலினையும் சேர்த்துக் கொடுத்து எடையைக் கூட்டினார்கள். சில மருத்துவமனைகள், எடை கூடினால் மட்டுமே வானொலி, நூல், விருந்தினர் என்ற பரிசுமுறையைக் கையாண்டன. எடை ஏறியது, வீடு திரும்பியதும் பலருக்கு இறங்கியது.

குடும்பத்தின் மீது குற்றம்

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹில்டே புரூக், தன் உடலின் அளவையே நோயாளி பிழையாக உணர்கிறாள் என்று 1962-இல் சுட்டிக்காட்டினார். ஹூஸ்டன் நகரில் பணியாற்றிய அவர் 1978-இல் வெளியிட்ட 'பொற்கூண்டு' என்ற நூல், பொதுமக்களுக்கு இந்த நோயை அறிமுகப்படுத்தியது. வசதியான குடும்பத்தில், பிறர் எதிர்பார்ப்புக்கு ஆடி வளர்ந்த பெண், தன் உடலை மட்டுமாவது தன் கட்டுக்குள் வைக்க முயல்வதே நோய் என்பது அவர் தந்த சித்திரம். அதே ஆண்டில் பிலடெல்பியாவின் சால்வடோர் மினுச்சின், ஒருவர் வாழ்வில் ஒருவர் அளவுமீறித் தலையிட்டும் சச்சரவுகளை மூடிமறைத்தும் வாழும் குடும்பமே இந்த நோய்க்கு விளைநிலம் என்று வாதிட்டார். இத்தாலியின் மிலன் நகரில் மாரா செல்வினி பலட்சோலியும் குடும்பத்தையே ஆராய்ந்தார். குடும்பத்தை வெளியே நிறுத்திய ஷார்கோவிலிருந்து இவர்கள் மாறுபட்டார்கள்; முழுக் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசினார்கள். எனினும் பழி இன்னும் பெற்றோர் தலையில்தான் இருந்தது.

குடும்பத்தோடு பேசும் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை. ஜெரால்ட் ரசல் தலைமையில் ஜார்ஜ் ஷ்முக்லர், கிறிஸ்டபர் டேர், ஐவன் ஐஸ்லர் ஆகியோர், மருத்துவமனையில் எடை மீட்கப்பட்ட 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் குடும்பச் சிகிச்சை, மறு பாதிக்குத் தனியாள் ஆலோசனை, ஓராண்டுக் காலம். முடிவு 1987-இல் வெளிவந்தது. 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, நாள்பட்டுப் போகாதவர்களுக்குக் குடும்பச் சிகிச்சை தெளிவாக மேலான பலன் தந்தது. வயதில் மூத்தவர்களுக்குத் தனியாள் ஆலோசனையே பொருந்துவதாகத் தோன்றியது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் இளையோரிடம் அந்த வேறுபாடு நிலைத்திருந்தது.

மாட்ஸ்லி முறையில் நோய்க்குக் காரணம் யார் என்ற கேள்வியே எழுப்பப்படுவதில்லை. முதற்கட்டத்தில் மகனோ மகளோ என்ன, எப்போது, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதைப் பெற்றோரே முடிவுசெய்து, உடனிருந்து சாப்பிடவைக்கிறார்கள். எடை தேறத் தேற அந்தப் பொறுப்பு சிறிது சிறிதாகப் பிள்ளைக்குத் திரும்புகிறது. கடைசிக் கட்டத்தில் அந்த வயதுக்குரிய படிப்பு, நட்பு, தற்சார்பு பற்றிய பேச்சு வருகிறது. 2001-இல் இது கையேடாக்கப்பட்டது. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 121 பதின்பருவத்தினர் பங்கேற்றார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின், குடும்பவழிச் சிகிச்சை பெற்றவர்களில் 49 விழுக்காட்டினரும் தனியாள் சிகிச்சை பெற்றவர்களில் 23 விழுக்காட்டினரும் முழுமையாகக் குணமடைந்திருந்தார்கள். கல் தகாதவர்கள் என்று ஒதுக்கிய உறவினர்களே இளம் நோயாளிகளின் முதன்மைச் செவிலியர் ஆனார்கள்.

புலிமியாவும் எண்ணப் பயிற்சியும்

ரசலின் பெயர் இன்னொரு திருப்பத்தோடும் இணைந்தது. 1972 முதல் 1978 வரை தாம் கண்ட 30 நோயாளிகளைக் கொண்டு, புலிமியா நெர்வோசாவை அனோரெக்சியாவின் ஆபத்தான மாற்று வடிவமாக 1979-இல் அவர் விவரித்தார். பெரும்பாலும் இயல்பான எடையிலேயே இருக்கும் இவர்கள் நோயாளிகள் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெயர் கிடைத்ததும் மறைந்திருந்தவர்கள் பெருந்தொகையில் வெளிவந்தார்கள். 1983 பிப்ரவரியில் அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் தம் 32-ஆம் வயதில் அனோரெக்சியாவின் விளைவால் இறந்தது, உண்ணல் கோளாறுகளை வீட்டுப் பேச்சுக்கே கொண்டுவந்தது.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த கிறிஸ்டபர் ஃபேர்பர்ன் 1981-இல் புலிமியாவுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை முன்வைத்தார். அவர் கண்ட சுழல் இது: உடல் தோற்றத்தைக் கொண்டே தன்னை மதிப்பிடுகிறவர் கடுமையான உணவு விதிகளை வகுக்கிறார், விதி என்றோ ஒருநாள் உடைகிறது, உடைந்ததும் அடங்காத் தீனி, அதை ஈடுகட்டும் முயற்சி, பின்னர் இன்னும் கடுமையான விதி. சங்கிலியை உடைக்கும் இடம் தீனியில் அல்ல, அதற்கு முந்திய பட்டினியில் இருக்கிறது என்பதால், வேளை தவறாமல் சாப்பிடுவதே சிகிச்சையின் தொடக்கம். சாப்பிட்டதையும் அப்போதைய எண்ணத்தையும் நோயாளி உடனுக்குடன் குறித்துவைக்கிறார். விதிகளையும் அச்சங்களையும் பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறார். சுமார் 20 அமர்வுகள். மின்னசோட்டா இளைஞர்கள் மீட்புக் காலத்தில் காட்டிய அடங்காப் பசி இங்கே சிகிச்சைக் கோட்பாடாகிவிட்டது.

இங்கும் ஒப்பீடு ஒரு வியப்பை வைத்திருந்தது. உணவையோ எடையையோ தொடாமல் உறவுச் சிக்கல்களை மட்டும் பேசும் ஆளிடைச் சிகிச்சை, ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தது. 220 பேர் பங்கேற்று 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்த நாளில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வெகுவாக முந்தியிருந்தது; பின்தொடர்ந்து பார்த்த காலத்தில் மற்றது ஏறத்தாழ எட்டிப் பிடித்தது. மருந்துகளில், ஃபுளுவாக்செடின் கூடுதல் அளவில் தரப்பட்டபோது புலிமியாவின் தீனி வேளைகளைக் குறைத்ததை 1992-இல் 387 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. பெருந்தீனிக் கோளாறு 2013-இல்தான் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில் தனி நோயாக இடம்பெற்றது. அதே பதிப்பு, அனோரெக்சியாவை உறுதிசெய்ய மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது.

வயதுவந்தோரின் அனோரெக்சியா

மிகக் கடினமான பகுதி இது. எடை மீண்ட 93 பெண்களிடம் 2006-இல் சோதிக்கப்பட்டபோது, ஃபுளுவாக்செடின் நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை. பேச்சுவழிச் சிகிச்சைகளிலும் தனி வெற்றியாளர் இல்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 56 பெண்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் ஆளிடைச் சிகிச்சையும் சிறப்பு முறைகளாக நிறுத்தப்பட்டன. பரிவான ஆலோசனையும் உணவுக் கண்காணிப்பும் சேர்ந்த சாதாரணப் பராமரிப்பு ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டது. சிகிச்சை முடிவில் அந்தச் சாதாரணப் பராமரிப்பே முன்னால் நின்றது. ஜெர்மனியில் 242 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில் ஒப்பிடப்பட்ட மூன்று முறைகளும் சிகிச்சை முடிவில் எடையில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம் தந்தன. இதனால் பிரிட்டனின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், வயதுவந்தோருக்கு ஒன்றைக் கட்டளையிடாமல் மூன்று சிகிச்சைகளை முன்வைக்கின்றன.

மருத்துவமனைப் படுக்கையிலும் ஒரு மரபு மாறியது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென உணவு பெருகினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம் என்பதால், மிகக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுவதே விதியாக இருந்தது. 12 முதல் 24 வயதுவரை உள்ள 120 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், நெருங்கிய கண்காணிப்போடு கூடுதல் உணவில் தொடங்கியவர்கள் மூன்று நாள் முன்னதாகவே உடல்நிலை சீரடைந்தார்கள், ஆபத்தும் கூடவில்லை.

தடுப்பின் தடுமாற்றங்கள்

நோய் வருமுன் காப்பது பற்றிய ஆய்வுகள் 1980களில் பள்ளிகளில் தொடங்கின. நோயின் கேடுகளைச் சொல்லிக்கொடுத்தால் இளையோர் விலகிக்கொள்வார்கள் என்பது அடிப்படை எண்ணம். 1997-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அதை அசைத்தன. ஆக்ஸ்போர்டு குழு பள்ளி மாணவியருக்கு எட்டு வகுப்புகள் நடத்தியது. அறிவு கூடியது, ஆறு மாதத்தில் உணவைக் கட்டுப்படுத்தும் போக்கும் கூடியிருந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், நோயிலிருந்து மீண்ட மாணவியர் தம் கதையைப் புதிய மாணவியரிடம் சொன்னார்கள். கேட்டவர்களிடம் அறிகுறிகள் கேளாதவர்களைவிடச் சற்று மிகுந்தன. எச்சரிக்கைக் கதையே சிலருக்கு வழிகாட்டியாகிவிடக்கூடும் என்ற அச்சம் அதன் பின் இத்துறையில் நிலைத்தது.

மாற்றுவழியை அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் கண்டார். சொல்லும் செயலும் முரண்படும்போது மனம் அசௌகரியப்பட்டுத் தன் கருத்தையே மாற்றிக்கொள்ளும் என்ற லியான் ஃபெஸ்டிங்கரின் 1957-ஆம் ஆண்டுக் கோட்பாட்டை அவர் எடுத்துக்கொண்டார். அவரது 'பாடி ப்ராஜெக்ட்' திட்டத்தில் யாரும் பாடம் நடத்துவதில்லை. மெலிந்த உடலே அழகு என்ற கருத்துக்கு எதிராக மாணவியரே வாதிடுகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், நடித்துக் காட்டுகிறார்கள். 481 இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில், மூன்றாண்டுக்குள் புதிதாக நோய் காண்போர் தொகை, மதிப்பீடு மட்டும் செய்யப்பட்ட குழுவைவிட 60 விழுக்காடு குறைந்திருந்தது. உணவிலும் உடற்பயிற்சியிலும் சிறு நல்ல மாற்றங்களைச் செய்யும் இன்னொரு திட்டமும் ஏறத்தாழ அதே பலன் தந்தது. ஸ்டைஸ் அதை முதலில் வெறும் ஒப்பீட்டுக்காகவே வடிவமைத்திருந்தார். டெக்சாஸின் டிரினிடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரலின் பெக்கர், பயிற்சி பெற்ற மாணவியரே சக மாணவியருக்கு இதை நடத்தலாம் என்று காட்டினார். ஸ்டான்போர்டின் பார் டெய்லர் குழு 480 கல்லூரிப் பெண்களுக்கு எட்டு வார இணையப் பயிற்சி அளித்தது. புதிதாக நோய் வருவதில் மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் தொடக்கத்தில் எடை மிகுந்திருந்தவர்களில் பயிற்சி பெற்ற எவருக்கும் இரண்டாண்டுக்குள் நோய் வரவில்லை.

ஊடகத்தின் பங்கை ஃபிஜித் தீவு காட்டியது. நட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. திரண்ட உடற்கட்டைப் போற்றும் அந்தச் சமூகத்தில், ஆபத்தான உணவு மனப்பாங்குடைய பள்ளி மாணவியர் மூன்றே ஆண்டில் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாகப் பெருகியதை அமெரிக்க ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவுசெய்தார். 2017-இல் பிரான்ஸ், விளம்பரங்களில் திருத்தப்பட்ட உடல் படங்களுக்கு அறிவிப்பு கட்டாயம் என்றது. ஆனால் அத்தகைய அறிவிப்புகள் பார்ப்பவரின் மனக்குறையைக் குறைப்பதில்லை என்பதை ஆஸ்திரேலியாவின் மரிகா டிக்மன் நடத்திய சோதனைகள் காட்டின.

நேரமும் இடமும்

தடுப்புக்கும் சிகிச்சைக்கும் நடுவே, நோய் தொடங்கியதும் தாமதமின்றிப் பிடிப்பது என்ற மூன்றாம் வழி லண்டனில் 2014-இல் உருவானது. உல்ரிகே ஷ்மிட் வழிநடத்திய 'ஃபிரீட்' திட்டம், 16 முதல் 25 வயதுக்குள் மூன்றாண்டுக்குக் குறைவாக நோயுற்றவர்களுக்கானது. பரிந்துரை வந்த 48 மணி நேரத்தில் தொலைபேசி, இரண்டு வாரத்தில் மதிப்பீடு, நான்கு வாரத்தில் சிகிச்சை என்பது இலக்கு. அனோரெக்சியா உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டில் இயல்பான எடைக்குத் திரும்பினார்கள். முன்பு அங்கே வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இது குலுக்கல் முறை ஒப்பீடு இல்லை என்றாலும், பயனைக் கண்டு இங்கிலாந்து முழுவதும் திட்டம் விரிக்கப்பட்டது.

நோய்க்கான காரணம் பற்றிய பார்வையும் அகன்றது. 16,992 நோயாளிகளின் மரபணுத் தரவை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, மரபணுத் தொகுதியில் தொடர்புடைய எட்டு இடங்களைக் கண்டது. அவை மனநோய்களோடு மட்டுமின்றி வளர்சிதை மாற்றப் பண்புகளோடும் பிணைந்திருந்தன. பெற்றோர் வளர்ப்பை மட்டும் குறைகூறிய பழைய விளக்கம் இதனால் மேலும் தளர்ந்தது.

மேற்கில் உருவான அளவுகோல்கள் ஆசியாவில் அப்படியே பொருந்தவில்லை. ஹாங்காங்கில் சிங் லீ 1993-இல் விவரித்த 70 அனோரெக்சியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம், பருத்துவிடுவோம் என்ற அச்சமே இல்லை. வயிறு உப்புகிறது, பசியில்லை என்றே சொன்னார்கள். இந்தியாவிலும் 1990களில் மனநல மருத்துவர்கள், மேலை வரையறைக்குள் முழுதாக அடங்காத மென்மையான உண்ணல் துயரங்களைத் தனியே வகைப்படுத்த முயன்றார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சிகிச்சைக்கு வந்த சிறுவர், பதின்பருவத்தினரைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில், மிகுதியாகக் காணப்பட்டது அனோரெக்சியாவோ புலிமியாவோ அல்ல, மனக்காரணத்தால் வரும் வாந்தி. மெலிவை அழகாக எண்ணும் மனப்பாங்கைத் தகர்ப்பதற்கென்று வகுத்த தடுப்புத் திட்டம், அந்த மனப்பாங்கு நோயின் மையமாக இல்லாத இளையோருக்கு எந்த அளவு உதவும் என்பதை அந்தந்த இடத்திலேயே ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். வேளை தவறாத உணவு, பழிசுமத்தாத குடும்பத் துணை, தாமதமில்லாத தொடக்கம் ஆகிய மூன்றும் இதுவரை நடந்த ஒப்பீடுகளில் பெரிதும் தாக்குப்பிடித்தவை.